தித்லி ஏருக்குப் பெண் கொடுக்கலாமா?

என் இளைய மகள் ஷைனிக்கு ஒரே வாரத்தில் மூன்று இடம் வந்தது. கல்யாணத்துக்கு இல்லை, வேலைக்கு. அவள் பைலட்.

அவள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி பதினான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் கடையை இழுத்து மூடிவிட்டது. அன்றிலிருந்து செம்பூரில் ஒரு கோச்சிங் கிளாஸில் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. நானும் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் அது தப்பு.

வந்த மூன்று இடங்களில் முதலாவது, தித்லி ஏர். பிறந்து நாலே மாதம். விமானம் மொத்தம் மூன்று. ஷைனி முன்பு ஓட்டிய அதே மாடல், இறக்கையில் காத்தாடி சுற்றுகிற விமானம். சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். இரண்டாவது, நாடு முழுக்கப் பறக்கிற ஒரு பெரிய கம்பெனி. தேர்வில் பாஸ், ஆனால் வெயிட்டிங் லிஸ்ட். மூன்றாவது, வளைகுடாவில் ஒரு கம்பெனி. அங்கே இன்னும் முந்நூறு மணி நேரம் பறந்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நம்மூரில் இதற்குப் பெயர் 'பெண் பிடிக்கவில்லை'. என் மனைவி செல்வமேரி மட்டும் அதையும் ஒரு சம்பந்தமாகவே கணக்கில் வைத்திருந்தாள்.

என் ஓட்டு பெரிய கம்பெனிக்குத்தான். முப்பத்தோரு வருஷமாக அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன் நான். நாங்கள் குடியிருக்கும் சீத்தா கேம்பில் என்னைக் கேட்காமல் யாரும் செகண்ட்ஹேண்ட் வண்டி வாங்குவதில்லை. வண்டி நிறைய உள்ள டிப்போவில் ஒன்று படுத்தாலும் இன்னொன்று ஓடும். மூன்று வண்டி வைத்திருக்கிறவனிடம் ஒன்று படுத்தால் டிரைவரும் கூடப் படுக்க வேண்டியதுதான்.

"தித்லின்னா என்னது?" என்று கேட்டாள் செல்வமேரி.

"வண்ணத்துப்பூச்சிம்மா" என்றாள் ஷைனி.

"அதுக்கு எத்தன நாளு ஆயுசு?"

ஷைனி தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் செல்வமேரி அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். மூத்தவள் லிசாவுக்கு மாப்பிள்ளை விசாரிக்க அவள் எழுதிக் கொடுத்த கேள்விப் பட்டியல் அது. அந்தத் தாளோடு நான் தாணேயில் மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர் டீக்கடையில் மூன்று மணி நேரம் நின்று விசாரித்தேன். மருமகன் தங்கமான பையன். குறட்டை விடுவான், அது டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"கேட்டியளா, பிள்ளய அனுப்பப்போற எடம். விசாரிக்காண்டாமா?"

"ஏட்டி, அது கம்பெனி. மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ள எண்டா தரையில நிப்பான். இது என் பிள்ளய மேல தூக்கிட்டுப் போவுது. ரெண்டு மடங்கு விசாரிக்கணும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். தாளில் 'பையன்' என்ற இடங்களை அடித்து 'கம்பெனி' என்று எழுதியிருந்தாள். மொத்தம் இருபத்து மூன்று கேள்விகள்.

சனிக்கிழமை காலையில் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் போனேன். மூன்றாவது மாடியில் தித்லி ஏர் தலைமை அலுவலகம். இரண்டாவது மாடியில் பல் டாக்டர். கீழே தப்ரேஸ் பாயின் டீக்கடை. தப்ரேஸ் எங்கள் சீத்தா கேம்ப் ஆள்தான், தமிழ் பேசுவான்.

"மேல உள்ளவங்க எப்படி பாய்?"

"யாரு, பல்லா, பிளேனா?"

"பிளேன்."

"நல்ல மனுஷங்கண்ணே. ஆனா சக்கரை இல்லாத டீயாக் கேக்குறாங்க. சின்ன வயசுப் பிள்ளைங்ககூட. கவலையா இருக்கும்போல."

இதைக் குறித்துக்கொண்டேன். அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நரைத்த தலை, கட்டம் போட்ட சட்டை, கையில் சர்க்கரை இல்லாத டீ, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ஸார், ஏதோ விசாரிக்கறேள் போலிருக்கே? நான் இங்கதான் தினம் வந்துண்டிருக்கேன். கேளுங்கோ."

மாதுங்காப் பக்கத்து ஐயர் என்று பேச்சிலேயே தெரிந்தது. படித்தவர், நிதானமானவர், விஷயம் தெரிந்தவர். பல் டாக்டரிடம் வருகிறவராக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு தாளை விரித்தேன்.

"முதலாளி குடிப்பாரா?"

"மோர் மட்டும். அதுலயும் பெருங்காயம் தூக்கலா."

"முன்னால எங்கயாவது நிச்சயமாகி நின்னு போயிருக்கா? அதாவது, வேற கம்பெனி ஆரம்பிச்சு மூடினவரா?"

"ஒண்ணு. குளிர்சாதனப் பெட்டில காய்கறி விக்கற கம்பெனி. மூடிட்டார். ஆனா வேலை பாத்தவா, கடன் கொடுத்தவா எல்லாருக்கும் பாக்கியை ஒழுங்கா தீர்த்துட்டுத்தான் மூடினார்."

"கூடப் பிறந்தவங்க எத்தன? அதாவது விமானம்?"

"மூணு. ஒண்ணு ஓடறது. ஒண்ணு எப்பவாவது ஓடறது. ஒண்ணு நாக்பூர்ல ஒரு எஞ்சினை இறக்கி வெச்சுண்டு நிக்கறது."

நான் வாய்விட்டே "அய்யோ" என்றேன். அவர் மறைக்கவே இல்லை. கடைசிக் கேள்வி வரைக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஃப்ளைட் நேரத்துக்குப் போகுமா? முக்கால்வாசி. வீட்டுப் பெரியவர், அதாவது சீஃப் பைலட், கோபக்காரரா? "கொஞ்சம் முசுடுதான்" என்றார், யோசித்து. பெண் பிள்ளைகளை மரியாதையாக நடத்துவார்களா? "என் பொண்ணா இருந்தா பயப்படாம அனுப்புவேன்" என்றார்.

இப்படி ஒரு மனிதர் மனம் திறந்து பேசும்போது நாம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதையா? விசாரிக்கிற இடத்தில் நம் பக்கத்தையும் நாலு வார்த்தை சொல்லுவதுதானே முறை? சொன்னேன். ஷைனி எப்படிப்பட்ட பிள்ளை, எவ்வளவு கெட்டிக்காரி, பல்லியைக் கண்டால் மட்டும் அலறுவாள், எல்லாவற்றையும் சொன்னேன்.

"பேரு ஷைனி தனசீலனா?" என்று கேட்டார்.

"ஆமா ஸார்! எப்படித் தெரியும்?"

"யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். வேற எடமும் பாக்கறேளா?"

"பெரிய கம்பெனி ஒண்ணு வெயிட்டிங்ல வச்சிருக்கு ஸார். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அது கூப்பிட்டா இந்தப் பூச்சிய உதறிட்டு ஓடிருவா. ஒரு நிமிஷம் நிக்கமாட்டா."

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "ரொம்ப சந்தோஷம். நல்லா விசாரிச்சேள்" என்று கைகூப்பிவிட்டு லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் இரண்டாவது மாடியில் நிற்கவில்லை. மூன்றில் நின்றது.

"யாரு பாய் அவரு?"

"சுந்தரராமன் ஸார். சீஃப் பைலட். அவருதான் ஆளு எடுக்குறவரு."

தப்ரேஸ் எனக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி கூடப் போட்டு டீ கொடுத்தான்.

வீட்டில் செல்வமேரியிடம் மட்டும் சொன்னேன். "உங்க வாய்க்கு ஒரு பிரேக் இல்லியா? முப்பது வருஷமா பஸ்ஸு ஓட்டி என்னத்தப் படிச்சிய?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாஸ்டர் நாவின் பாவங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். செல்வமேரி பிரசங்கம் முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். மூன்று மணிக்கு ஷைனி கோச்சிங்கிலிருந்து வந்தாள். இனியும் மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என் கையிலிருந்த தாளை வாங்கி முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்தாள்; பள்ளியில் தமிழ் படிக்காதவள்.

"பெருங்காயம் தூக்கலான்னு வேற எழுதியிருக்கீங்க" என்றாள். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மன்னிச்சிரு மக்கா."

நாலரை மணிக்கு அவள் போன் அடித்தது. அவளே ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுந்தரராமன் பேசறேன். உங்கப்பா என்னண்ட இருபத்து மூணு கேள்வி கேட்டார். எங்களுக்குப் பணம் போட்டவாகூட நாலுதான் கேட்டா. இருக்கட்டும். பெரிய கம்பெனி கூப்பிட்டா நீ ஓடிடுவேன்னாரே, நிஜமா?"

நான் கையால் பலமாக 'இல்லை' என்று ஆட்டினேன். ஷைனி என்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னிக்கு வரைக்கும் நிஜம்தான் ஸார்."

"அப்போ எனக்கு ஒரு வார்த்தை வேணும். ரெண்டு வருஷம் இருப்பியா?"

"ஒரு வருஷம் ஸார்."

"ஒண்ணரை."

"பதினஞ்சு மாசம்" என்று உள்ளே புகுந்தாள் செல்வமேரி. கோவண்டி மார்க்கெட்டில் மீன் வாங்குகிற குரல். "அதுக்கு மேல முடியாது, கேட்டியளா! நாக்பூர்ல நிக்குத வண்டியில ஏத்தவும் கூடாது."

"அதை யாராலயும் மேல ஏத்த முடியாதும்மா, எஞ்சின் இல்லை. ஒண்ணரைதான். அதுக்குக் குறைஞ்சு இல்லை. ஷைனி, உனக்கு ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு ஸார். இன்னிக்குக் காலையில பெரிய கம்பெனிக்குப் போன் பண்ணி இதையேதான் கேட்டேன். அடுத்த வருஷக் கடைசியில, பிளேன் வந்தா, டிரெய்னிங் முடிஞ்சான்னு சொன்னாங்க. நான் எப்ப பறக்கலாம் ஸார்?"

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பத்தாம் தேதி ஹைதராபாத்ல சிமுலேட்டர் செக். பாஸ் பண்ணினா பதினேழாம் தேதி காலம்பற ஆறேகால். நாசிக். என் பக்கத்து சீட். நான் முசுடு, தெரியுமோல்லியோ?"

"தெரியும் ஸார். ஒண்ணரை வருஷம். வர்றேன்."

போன் வைத்ததும் ஷைனி எழுந்து பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பைலட் யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டையை எடுத்தாள். பதினேழாம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அப்போதே இஸ்திரிப் பெட்டியைச் சூடு போட்டாள். செல்வமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, காலரில் மஞ்சள் ஏறியிருக்கிறது, முதலில் துவை என்று திட்டினாள்.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலாளியின் மோரைக்கூட விசாரித்தேன். பதினான்கு மாதமாக என் பிள்ளை தினமும் எதை நினைத்துக்கொண்டு படுத்தாள் என்பதை ஒருநாள்கூட விசாரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அவள் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

"எப்ப பறப்ப மக்கா?" என்று கேட்டேன்.

"உங்க முன்னாலதானப்பா சொன்னாரு. பதினேழு."

"எத்தன மணிக்கு?"

"ஆறேகால்" என்று சட்டையைத் திருப்பிப் போட்டாள். பேசிக்கொண்டே தேய்த்தாள், நாசிக்கில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், மழைக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மேல் வண்டி எப்படிக் குலுங்கும், எல்லாம் சொன்னாள். எனக்குப் பாதி புரியவில்லை. அவள் நிறுத்திவிடக் கூடாதே என்று மறுபடியும் கேட்டேன்.

"எப்ப பறப்ப?"