தீர்ப்பு நாளில் வந்த தழும்பு

கண்ணாடிக் கடைக்காரனுக்கு விஷயம் தெரிய வந்ததே, மனைவியோடு போட்ட கடைசிச் சண்டையில்தான். அவள் வாயிலிருந்தே வந்தது. பரிசோதனையும் அதையே சொன்னது. ஆறு வயது வரை தோளில் தூக்கிச் சுமந்த வாண்டு அவன் ரத்தம் இல்லை.

"எவனோ பெத்த பிள்ளைக்கு நான் ஏன் படியளக்கணும்?" என்று கோர்ட்டுக்குப் போனான். தாலி கட்டி ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்தில் பிறந்த பெண். சட்டத்தின் கண்ணில் நீதான் அப்பன், ஜீவனாம்சம் கொடுத்தே ஆக வேண்டும் என்றார் நீதிபதி. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

மறுநாள், பணத்தை விட்டெறிகிற வேகத்தில்தான் மனைவியும் வாண்டும் தனியாக இருந்த வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தது வாண்டு. அவளுடைய இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைக் கோடு. கடை வைத்த புதிதில் கண்ணாடிச் சில்லு தெறித்து அவனுக்கு விழுந்த அதே தழும்பு. அதே இடம், அதே சாய்வு.

"எங்கடா விழுந்தே?"

"விழலையேப்பா. நேத்து மத்தியானம் தூங்கி எழுந்தா இருந்துச்சு."

"கோர்ட்டுக்குக் கிளம்புறப்போ இல்லைங்க," என்றாள் மனைவி. அவள் முகம் வெளுத்திருந்தது. "தீர்ப்பு கேட்டுட்டு வந்து பாக்குறேன், இருக்கு."

அவன் பணத்தை வாசலில் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டான்.

அந்த வாரமே கடையில் கண்ணாடி நழுவி உள்ளங்கையைக் கிழித்தது. கட்டுப் போடுவதற்குள் போன் அலறியது.

"பாப்பா கை பூரா ரத்தம்ங்க! கழுவிப் பாத்தா காயமே இல்ல!"

பனைமரத்தில் தேள் கொட்டினால் தென்னைமரத்தில் நெறி கட்டும் என்பதை அதுவரை வெறும் பேச்சாகத்தான் கேட்டிருந்தான். அன்றிலிருந்து கையுறை இல்லாமல் கண்ணாடியைத் தொடவில்லை. ரோட்டைக் கடக்கவே பயந்தான்.

வக்கீலிடம் ஓடினான். "அப்பீல் போங்க சார். நான் அப்பா இல்லைன்னு எப்படியாவது தீர்ப்பு வாங்கிக் கொடுங்க."

"போனவாரம் கோபத்துல கேட்டீங்க. இப்போ ஏன் கெஞ்சுறீங்க?"

"அவளுக்கு வலிக்கக் கூடாது சார்."

வக்கீல் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

அப்பீல் விஷயத்தைச் சொல்லப் போனபோது வாண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு வலிச்சா எனக்குத் தெரியுதேப்பா. எனக்கு வலிச்சா உனக்குத் தெரியலையா?"

அந்தப் பக்கத்தை அவன் யோசித்ததே இல்லை.

சில நாளில் வாண்டுக்குக் காய்ச்சல். அனல் பறக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்று மனைவி சொன்னாள். போனை வைத்த கண்ணாடிக் கடைக்காரன், கண்ணை மூடிக்கொண்டு, "என்கிட்ட கொடுடா," என்று முணுமுணுத்தான். வெட்டவெயில் நேரத்தில் அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. சுற்றிலும் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளில் எல்லாம் அவனே நடுங்கிக்கொண்டு நின்றான்.

மறுபடியும் போன். "பாதி இறங்கிடுச்சுங்க! டாக்டருக்கே புரியல."

வக்கீலைக் கூப்பிட்டு, "அப்பீல் வேணாம் சார்," என்றான். ஷட்டரை இழுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அவன் நின்ற நிலையைப் பார்த்த நர்ஸ், மகளுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுக்க வைத்தாள்.

இருவர் வாயிலிருந்தும் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். உதறிவிட்டு, இடம் மாற்றி மறுபடியும் வைத்தாள். இரண்டிலும் பாதரசம் ஒரே கோட்டில்தான் நின்றது.