சிவப்பை வெளியே எடுப்பது எப்படி

மீன்குட்டியை வகுப்பறையிலிருந்து வெளியே கொண்டுவர முடியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஐந்து மணிக்கு அவளுக்கு நீச்சல் அணித் தேர்வு. இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அவளும் துடித்துக்கொண்டுதான் இருந்தாள். கால்தான் வாசற்படியில் ஏற மறுத்தது.

நான் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன். குவார்க்கைக் கரும்பலகையில் வரைந்தால் கொட்டாவி விடுகிறார்களே என்று ஒரு விளையாட்டு அமைத்திருந்தேன். புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள். அவற்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்கள். நிஜ நிறமல்ல, வைத்த பெயர்தான். மூன்றும் சேர்ந்தால் நிறம் கழிந்துவிடும். நிறம் கழிந்த கூட்டம்தான் வெளியே நடமாடும். ஒற்றை நிறம் ஒருநாளும் தனியே திரியாது. மீன்குட்டிக்குச் சிவப்பு நாடா கட்டினேன், நெட்டையனுக்குப் பச்சை, சோடாபுட்டிக்கு நீலம். மூவரையும் ரப்பர் கயிற்றால் பிணைத்தேன். மணி அடித்ததும் கயிற்றை அவிழ்த்தேன். பிடிப்பு அவிழவில்லை.

மீன்குட்டியின் அம்மா வந்தார். பேக்கரியில் மாவு பிசைகிறவர். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தார்.

"பிள்ளைய என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"பாடம் கொஞ்சம் நல்லாவே ஏறிடுச்சும்மா. மூணு பேரையும் சேத்தே கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

"ஒரு பிள்ளை, கூட அம்மாவோ அப்பாவோ ஒருத்தர். அதுக்கு மேல குளத்துக்கிட்ட விடமாட்டாங்க. தள்ளுங்க, நான் இழுக்கறேன்."

இழுத்தார். காந்தம் மாதிரிப் பொருள்களில், விலக விலக ஈர்ப்பு குறையும். குவார்க்கில் அந்த இரக்கம் கிடையாது. எவ்வளவு தூரம் போனாலும் பிடி தளராது. இழுக்கிற உழைப்பெல்லாம் நடுவில் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு புதுத் துகள்கள் பிறக்கப் போதுமான அளவு சேர்ந்ததும் அறுந்துவிடும்.

ப்ளக்.

மீன்குட்டி நடைவழியில் நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி, சட்டைப் பொத்தான்களெல்லாம் முதுகில் இருக்க, ஒரு பையன். உள்ளே அவள் நின்ற இடத்தில், சிவப்பு நாடா கட்டிய ஒரு பெண். இருவரையும் இந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை.

"யாருடா நீ?" என்றார் அம்மா.

"எதிர்ச்சிவப்புங்க."

"எங்கிருந்து வந்தே?"

"நீங்க இழுத்த இழுப்புலேர்ந்துதாங்க."

"என் பிள்ளை மட்டும் போதும்னு வந்தா, புது ஆள் சேத்து அனுப்பறீங்களே சார்!" என்று அவனைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார். ப்ளக். இன்னொரு ஜோடி பிறந்தது. அதில் இருந்த பெண், பழைய பையனோடு கைகுலுக்கினாள், ட்யூப்லைட் பளீரென்று எரிந்தது, இருவரையும் காணோம். இழுப்பில் பிறந்த இருவர் சேர்ந்தால் மறுபடி ஒளியாகிவிடுவார்கள். மீன்குட்டியின் கையை இப்போது புதுப்பையன் பிடித்திருந்தான். அவனுக்கும் பொத்தான் முதுகில்தான்; 'எதிர்' என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அம்மா, இழுக்காதம்மா! நீ இழுத்தா ஒரு ஊரே வந்துரும்!" என்று அழுதாள் மீன்குட்டி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்பும் எதிர்ச்சிவப்பும் சேர்ந்தாலும் நிறம் கழியும். அந்த எதிர்ச்சிவப்பு இந்தப் பையனாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

"அம்மா, ஏப்ரனை முன்பின்னா மாத்திப் போடுங்க."

"மானத்த வாங்காதீங்க சார்."

"மணி நாலு நாப்பது."

போட்டுக்கொண்டார். மகளின் இன்னொரு கையைப் பிடித்தார். நான் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிக்கொண்டு நெட்டையனுக்கும் சோடாபுட்டிக்கும் நடுவில் போய் நின்றேன். வேலை போன அந்தப் பெண்ணும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கைகுலுக்கினார்கள். ட்யூப்லைட் பளீர்.

"பக்கத்துல இருக்கற வரைக்கும் பிடி லேசாத்தான் இருக்கும். அவ நீந்தட்டும், நீங்க கரையோரமா கூடவே நடங்க!" என்று கத்தினேன். இருவரும் வாசற்படியைத் தாண்டி ஓடியே போய்விட்டார்கள்.

"சார், அப்ப இன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்கா, சோடாபுட்டி வீட்டுக்கா?" என்றான் நெட்டையன்.

அது வேறு கணக்கு. மீன்குட்டி கணக்குக்கு விடை இதுதான்: சிவப்பை இழுக்கக் கூடாது. கூடப் போக ஓர் எதிர்ச்சிவப்பையும், விட்டுப்போகும் இடத்தில் நிற்க ஒரு சிவப்பையும் முதலிலேயே கொடுத்துவிட்டால், அது தானாக நடந்து வெளியே போகும்.