ஒரே ஒரு நனைப்பு

பேரம் நடக்கும்போது ஜாபர் அலி நடுவில் ஒருமுறை எழுந்து செருப்பைத் தேடுவார். எதிராளி கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டால் விலை பாதி படிந்த மாதிரி. ஏற்காட்டுக் கடைத்தெருவில் அவரைவிட அவர் செருப்புக்கு மரியாதை அதிகம்.

அந்த ஆண்டு பூமழை ஏமாற்றிவிட்டது. மாசிக் கடைசியில் ஒரு மழை விழுந்து நனைத்தால்தான் காபிச் செடியில் மொட்டு விழிக்கும். விழவில்லை. தலைச்சோலை ஓடையில், புஷ்பலதாவின் தோட்டத்தை ஒட்டிய தடுப்பணையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அவளுக்குக் காபி நனைய வேண்டும். ஜாபர் அலியின் டேங்கர் லாரி, கோடை சீசனில் நிரம்பி வழியும் லாட்ஜுகளுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். அடிவாரத்தில் குப்பனூர்க்காரர்களுக்குக் குடிக்க வேண்டும்.

ஊர் கூடியது. அணையின் அடியில் பதித்த அடிக்குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் குப்பனூருக்கு, அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று வார்டு மெம்பர் ஐயாக்கண்ணு எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். மிச்சத்தை மற்ற இருவரும் பேசிக்கொள்ளலாம். புஷ்பலதா இரண்டு நனைப்பு கேட்டாள். ஜாபர் அலி ஒன்று என்றார். பூ உதிர்ந்த பிறகும் ஒருமுறை நனைக்காவிட்டால் என்று அவள் ஆரம்பித்தபோது அவர் செருப்பைத் தேடப் போய்விட்டார். ஒன்று என்றே முடிந்தது. மழை இறங்கும்வரை மற்றதெல்லாம் டேங்கருக்கு.

அவள் மோட்டார் வைத்து நனைத்தாள். அடுத்த வாரம் சரிவு முழுக்க வெள்ளை. வாசனை பஸ்ஸுக்குள் ஏறி டிக்கெட் வாங்காமல் வந்தது.

பூவைப் பார்த்தே விளைச்சலை வாங்கிவிடுவது மலை வியாபாரிகளின் வழக்கம். காய் பிடித்தால் லாபம். கருகினால் வாங்கியவன் தலையெழுத்து. ஜாபர் அலியின் மகன் அஃப்சல் அந்த ஆண்டுதான் காபி வியாபாரத்தைத் தனியாகக் கையில் எடுத்திருந்தான். முதல் பூவைச் சல்லிசாக முடித்துவிட்டதாக ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அறிவித்தான். யார் தோட்டம் என்று தகப்பனார் கேட்டார்.

"தலைச்சோலை புஷ்பலதாக்காவுதுங்க அத்தா. ஒருக்கா எந்திரிச்சேன், படிஞ்சிருச்சு."

ஜாபர் அலியின் கை தட்டிலேயே நின்றது. அவர் மனைவி ஆசியா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அத்தா தண்ணிய வாங்கியாச்சு, மவன் பூவ வாங்கியாச்சு. நொம்ப நல்ல யாவாரம். இனி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஏமாத்திக்கங்க."

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்தார். தலைச்சோலையில் பூ உதிர்ந்திருந்தது. காம்பில் குண்டூசித் தலை அளவுக்குப் பிஞ்சு. ஓரிரண்டு கறுக்கத் தொடங்கியிருந்தன. இன்னொரு நனைப்பு இல்லையென்றால் மகனின் முதல் வியாபாரம் அடுப்புக்குத்தான் ஆகும்.

புஷ்பலதா மரியாதையாக முக்காலி போட்டாள். இது தெரிந்தும் பையனுக்கு ஏன் விற்றாய் என்று கேட்டார்.

"அதுக்குத்தானுங்க பாய் வித்தேன். வேற ஆளுக்கு வித்தா தண்ணிக்கு எங்க போவாங்க? உங்க பையன்னா ஊட்லயே தண்ணி கெடக்குதே."

ஜாபர் அலி அணைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு நனைப்புக்குத்தான் தேறும். அடிக்குழாயில் ஒரு துணி உருண்டையைத் திணித்தால் காபியும் பிழைக்கும், லாட்ஜும் பிழைக்கும். சற்று நேரம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அறுவடைக்குப் பிறகு காபி மூட்டை ஏற்றிய லாரி குப்பனூர் வழியாகத்தான் இறங்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

லாட்ஜுக்குப் போன் போட்டு, டேங்கர் ரிப்பேர் என்றார். அங்கிருந்த மேனேஜர் வருத்தப்படவில்லை. வாழவந்தியிலிருந்து வந்த வேறொரு டேங்கர் காத்திருக்கிறது, இனி அதையே வைத்துக்கொள்கிறோம் என்றார்.

முக்காலிக்குத் திரும்பி வந்து, நனைத்துவிடு என்றார்.

"நனைக்கிறனுங்க. மோட்டாருக்கு டீசல் யாருங்க ஊத்தறது?"

ஆளுக்குப் பாதி என்றார் ஜாபர் அலி.

"செடிதானுங்க என்னுது. பூ உங்க ஊட்டுது, தண்ணியும் உங்க ஊட்டுது. இதுல எனக்கென்னங்க பாதி?"

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். செருப்பு கண்ணெதிரேயே கிடந்தது. புஷ்பலதா முறத்தில் ராகியைப் புடைத்துக்கொண்டிருந்தாள், கூப்பிடவில்லை. ஒரு காலில் மாட்டினார். அப்போதும் கூப்பிடவில்லை.

கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். டீசல் கேன் எங்கே என்று கேட்டார்.