தையலுக்கு விட்ட அரை அங்குலம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊர் ஊராகப் போகிற வேலை. லீவு கிடைத்து வீடு வந்தால் பையை வாசலில் போட்டுவிட்டு நேராக ஷெட்டுக்குள் நுழைந்துவிடுவார். கார் நிற்க வேண்டிய ஷெட்டில் ஒரு பாய்மரப் படகு வளர்ந்துகொண்டிருந்தது. கார் தெருவில் நனைந்தது. படகு ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே தெருக்காரர்கள் அவருக்குக் கேப்டன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

அவர் மனைவி முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். அவளுக்குப் படகின் மேல் கோபம் இல்லை. அது தின்று தீர்த்த லீவுகளின் மேல்தான் கோபம். எங்கேயாவது போகலாமா என்று கேட்டால், "படகு முடியட்டும், அதுலயே போகலாம்" என்பார். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

இந்த முறை அவர் வலது பக்கத்தை முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். இடது பக்கம் வெறும் சட்டமாக நின்றது. அதற்கு வேண்டிய நாலு பலகைகளுக்கான காகித அச்சுகள் அலமாரியில் சுருட்டியபடி இருந்தன. காகிதத்தை வைத்து வெட்டுவதுதானே அவள் பிழைப்பு? ஜாக்கெட்டுக்கு வெட்டுகிற கை பலகைக்கு வெட்டாதா? படகை முடித்துவிட்டால் அடுத்த லீவாவது தனக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டாள். கடை சாத்திய பிறகு தினமும் ஷெட்டில் உட்கார்ந்து, நாலு பலகைகளையும் வெட்டி, பசை தடவி, திருகாணி முடுக்கி முடித்தாள்.

லீவில் வந்து பார்த்தவருக்கு வாயெல்லாம் பல். ஆசையாகத் தடவிப் பார்த்தார். பிறகு படகின் பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் உடம்பு போட்டிருக்கு?"

அவளும் வந்து பார்த்தாள்.

"ஐயய்யோ! தையலுக்கு விட்டுட்டேங்க."

"என்னது?"

"துணி வெட்டுறப்ப அச்சைச் சுத்தி அரை அங்குலம் தையலுக்கு விட்டுத்தானே வெட்டுவேன். கை பாட்டுக்கு அப்படியே வெட்டிடுச்சு. நாலு பலகையும்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். "பிரிச்சு மாட்டினா இந்த லீவும் போச்சு."

"உங்களோட ஒரு லீவு இருக்கணும்னுதானே இதைத் தொட்டேன்!" என்றாள் அவள். "அதையும் நானே கெடுத்துக்கிட்டேன்."

அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. "சாயம் அடிப்போம். தண்ணியில இறக்கிப் பார்ப்போம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில், பின்வீட்டு டிரைவரின் வண்டியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனார்கள். கேப்டன் தனியாக ஏறிப் பாயை விரித்தார். பருத்த இடது பக்கம் மேலே மிதக்க, படகு வலது பக்கம் சாய்ந்தபடியே போனது. கரையில் நின்றவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாம் பாழ் என்று முடிவுகட்டிவிட்டாள். அவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"ஏறு."

"நானா? எனக்கு நீச்சல்கூடத் தெரியாது!"

"அதுக்குத்தான் இந்த மிதவைச் சட்டை. போட்டுக்கிட்டு உன் பக்கமா உட்காரு."

அவள் இடது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். படகு மெல்ல நிமிர்ந்தது. காற்று பாயை நிரப்பியது.

ஏரி நடுவுக்குப் போன பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. கேட்டே விட்டாள்.

"அடுத்த லீவுல என் பக்கத்தைப் பிரிச்சிடுவீங்களா?"

"எதுக்குப் பிரிக்கணும்?"

"நீங்க தனியா ஓட்டினா சாயுதே."

"இனிமே நான் எதுக்குத் தனியா ஓட்டணும்?" என்றார் கேப்டன், பாய்க் கயிற்றை அவள் கையில் கொடுத்தபடி.