நல்ல நேரமும் எட்டு நிமிஷ ஜெல்லும்

ஜியாப்புக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் அவள் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். "எட்டு வருஷமா அந்த ஜெல்லோடதானே குடித்தனம் நடத்துறா" என்பாள். பொய்யும் இல்லை. எங்கள் கோன் கேன் நகரத்து ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் ஜியாப்பின் வாழ்க்கை ஓடியது. நண்டு ஓட்டிலிருந்து எடுத்த மாவையும் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்து அவள் ஒரு ஜெல் செய்திருந்தாள். கலந்ததும் கஞ்சி மாதிரி இருக்கும். ஊசி வழியாக இறங்கும். உடைந்த எலும்பின் பள்ளத்துக்குள் போய் உறைந்துகொள்ளும். பிறகு புது எலும்பு வளர வளரத் தன்னால் கரைந்து இடத்தைக் காலி செய்துவிடும். இவ்வளவு நல்ல குணமுள்ள அந்த ஜெல்லுக்கு ஒரே ஒரு முன்கோபம் உண்டு. கலந்த எட்டாவது நிமிஷத்தில் எங்கே இருந்தாலும் உறைந்துவிடும், ஊசிக்குள் இருந்தாலும் சரி.

முயலுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, ஆட்டுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் மனிதருக்குப் போட அனுமதியும் கிடைத்தது. முதல் ஆளாக வந்து சேர்ந்தவள் புவாலை அக்கா.

பேருந்து நிலையத்தில் சொம் தாம் கடை வைத்திருப்பவள். பச்சைப் பப்பாளியைச் சீவி, உப்பு நண்டோடு உரலில் போட்டு இடித்துக் கொடுப்பாள். சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவில், ஐம்பத்தெட்டு வயதில், ஈரமான வேன் மேல் ஏறி நின்று ஆடியிருக்கிறாள். வேன் நகர்ந்தது, அக்கா நகரவில்லை. வலது மணிக்கட்டு எலும்பின் நுனி நொறுங்கி உள்ளே பெரிய பள்ளமாகிவிட்டது.

ஜியாப் அவள் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாள்.

"உங்களுக்கு நண்டு ஒத்துக்குமா அக்கா? தடிப்பு, மூச்சுத்திணறல் ஏதாவது வந்திருக்கா? ஓட்டை நல்லா சுத்தம் பண்ணித்தான் எடுக்கிறோம், இருந்தாலும் கேக்கணும்."

புவாலை அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ருசி பார்க்கிறேன்னு நான் தின்ன நண்டை வரிசையா விட்டா எல்லை தாண்டி லாவோஸ் வரைக்கும் போகும் பொண்ணே. எதுல கரைச்சீங்க?"

"கொஞ்சம் புளிப்பான தண்ணியில."

"அப்ப என் சமையலை என் கைக்குள்ளயே ஊத்தப் போறீங்க. சரி, இதுக்கு முன்னாடி யாருக்குப் போட்டீங்க?"

"ஆட்டுக்கு. நல்லா நடந்துச்சு அக்கா."

"நடந்துச்சுன்னா? இப்ப எங்க இருக்கு அந்த ஆடு?"

ஜியாப்புக்குப் பொய் வராது. அதுதான் அவளிடம் உள்ள பெரிய குறை என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். "எலும்பு சேர்ந்துச்சான்னு உள்ள பார்க்கணும்னா… அதை வெட்டித்தான் பார்க்கணும்" என்று இழுத்தாள்.

"என்னையும் வெட்டிப் பார்ப்பீங்களா?"

"உங்களுக்கு எக்ஸ்ரே போதும் அக்கா."

"நல்லவேளை, ஆடாப் பொறக்கல." பிறகு அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்தக் கை மறுபடி இடிக்குமா? கடையில என் நாத்தனாரை விட்டுட்டு வந்திருக்கேன். சர்க்கரையைக் கொட்டித் தொலைக்கிறா. என் வாடிக்கை ஆளுங்க ஒவ்வொருத்தரா எதிர்க்கடைக்குப் போறாங்க. புருஷன் இல்ல, புள்ள இல்ல, எனக்கு இந்தக் கைதான் இருக்கு."

ஜியாப் தன் முயல்களை நினைத்துப் பார்த்தாள். முயல்களின் எலும்பு அழகாகச் சேர்ந்தது உண்மைதான். ஆனால் எந்த முயலும் அதன் பிறகு உலக்கை பிடித்துப் பிழைப்பு நடத்தவில்லை.

"இடிக்கும்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது அக்கா."

"சத்தியம் பண்ணியிருந்தா எழுந்து போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அக்கா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. நடுவில் டீன் வந்தார்.

டீன் பைசான் நல்ல மனிதர். ஆனால் நல்ல நேரம் பார்க்காமல் தும்மவும் மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் புது லிஃப்ட் வந்தபோது அதற்கு மாலை போட்டு, சரியான முகூர்த்தத்தில் பொத்தானை அமுக்கினார்; அதுவரை நோயாளிகளை மாடிப்படியில் தூக்கிப் போனார்கள். நாட்டுக்கே பெருமை தேடித்தரப் போகும் ஜெல்லைச் சும்மா விடுவாரா? கோயில் பிக்குவிடம் கேட்டு, காலை ஒன்பது மணி ஒன்பது நிமிஷத்துக்கு முதல் சொட்டு இறங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

ஜியாப் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் முன்னால் கலந்தால் போதும், கணக்கு சரியாக வரும் என்று நினைத்தாள். எங்கள் ஊரில் நல்ல காரியம் எப்படி நடக்கும் என்பதை எட்டு வருஷ ஜெல் வாழ்க்கையில் அவள் மறந்துவிட்டிருந்தாள். முகூர்த்தம் வரும்போது யாரும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. கத்தரிக்கோல் கையில் இருக்க வேண்டும், ரிப்பன் கட்டியிருக்க வேண்டும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

அன்று அறுவை அறையில் அதுதான் நடந்தது. புவாலை அக்காவுக்குக் கை மட்டும் மரத்துப் போயிருந்தது. ஆள் முழித்துக்கொண்டு பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். எலும்பு டாக்டர் வொராசாட் தகடு வைத்துத் திருகி முடித்திருந்தார். பள்ளம் வாயைத் திறந்து காத்திருந்தது. ஜியாப் கை கழுவிக் கையுறை போட்டவள் இல்லை என்பதால் தரையில் இருந்த சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் நின்றாள். அதைத் தாண்டி எதையும் தொடக் கூடாது.

டீன் தொப்பியும் முகமூடியுமாக உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு போட்டோக்காரர், பெரிய விளக்கோடு. டீனின் உதவியாளர் தணிந்த குரலில், "எல்லாம் கையில தயாரா இருக்கட்டும்" என்றார். நர்ஸ் ரச்சனி தலையாட்டிவிட்டு ஒன்பது மணிக்கே ஜெல்லைக் கலந்துவிட்டாள்.

ஜியாப் மனசுக்குள் கணக்குப் போட்டாள்: முகூர்த்தத்துக்கு ஒன்பது நிமிஷம், ஜெல்லுக்கு எட்டு. சொல்லிவிடலாமா? டீன், அவருக்குக் கீழே டாக்டர், அவருக்குக் கீழே நர்ஸ், கடைசியில் சுவரோரமாகத் தான். பெரியவர்கள் ஏதோ யோசித்துத்தான் செய்வார்கள், காத்திருக்க மாட்டார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

காத்திருந்தார்கள். டீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோக்காரர் விளக்கை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முகம் நன்றாக விழ வேண்டும் என்று டாக்டரைத் திரும்பச் சொன்னார். மேலே தொங்கிய அறுவை விளக்கு போதாதென்று இந்த விளக்கு வேறு. சூடு பட்டால் ஜெல் இன்னும் சீக்கிரம் உறையும். அறையில் அது நர்ஸுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும், பயிற்சி வகுப்பில் இரண்டு பேரும் பரீட்சை எழுதித் தேறியவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மரியாதை அப்படி.

"ஒன்பது ஒன்பது" என்றார் டீன், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டர் ஊசியின் பிடியை அமுக்கினார். அது நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினார். போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்துவிட்டார்.

"லேசா உறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர், படத்துக்காகச் சிரித்தபடியே. "பலமா அமுக்கினா போயிடும்."

"வேண்டாம்" என்றாள் ஜியாப். அது அவள் முகமூடியைத் தாண்டவில்லை.

"சார், வேண்டாம்" என்றாள் மறுபடி. போட்டோக்காரர், தான் மறைக்கிறோம் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார். டாக்டர் இரண்டு கட்டைவிரலையும் பிடியில் வைத்தார்.

ஜியாப் துணித் திரைக்கு மேலே தெரிந்த நரைத்த கொண்டையைப் பார்த்தாள். எனக்கு இந்தக் கைதான் இருக்கு என்று சொன்னவள் அங்கே படுத்திருக்கிறாள்.

"கையை எடுங்க."

அறை அதிர்ந்துவிட்டது. டாக்டர் கையை எடுத்துவிட்டார். டீன் கூடத் தன் கையை எங்கிருந்தோ எடுத்தார்.

"நீ யாரும்மா?" என்று கேட்டார் டீன்.

"ஜெல் செஞ்சவ சார். அது உறைஞ்சு போச்சு. அமுக்கினா கட்டி கட்டியா எகிறும். மூட்டுக்குள்ள போனா மணிக்கட்டு மடங்காது. ரத்தக் குழாய்க்குள்ள போனா நுரையீரலை அடைக்கும். ஆட்டுல, முயல்ல எல்லாம் ஒண்ணும் ஆகலன்னா, எட்டு நிமிஷத்துக்குள்ள போட்டதாலதான் ஆகல. இதைத் தூக்கிப் போடுங்க. ஐஸ் பெட்டியில இன்னொண்ணு இருக்கு."

அவள் கோட்டைத் தாண்டாமல் ஐஸ் பெட்டியைக் கை நீட்டிக் காட்டினாள். 

டீன் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொண்ணு எடுத்துக் கலக்கிறதுக்குள்ள நேரம் தாண்டிடுமே. அதுக்கப்புறம் நாள் பூரா நல்லா இல்லன்னு பிக்கு சொல்லியிருக்காரே" என்றார். உண்மையிலேயே கலங்கிப் போயிருந்தார் பாவம். அந்தக் கைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அவரும்தான் ஆசைப்பட்டார்.  ஜியாப்போ தன்னிடம் இருந்த தைரியத்தையெல்லாம் செலவழித்துவிட்டிருந்தாள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பெரிய டாக்டரய்யா, ஒரு சேதி. இந்தக் கை எப்ப உடைஞ்சது தெரியுமா? வருஷப் பிறப்பன்னிக்கு, கோயில்ல புத்தருக்குத் தண்ணி ஊத்திட்டு, ஒன்பது பிக்குங்ககிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டு, நேரா வந்து வேன்ல ஏறினப்ப. அதைவிட நல்ல நேரம் எனக்கு வாழ்க்கையில வந்ததே இல்ல. இனிமே கொஞ்சம் கெட்ட நேரத்தையும் போட்டுப் பாருங்க."

நர்ஸ் ரச்சனிதான் முதலில் சிரித்தாள். பிறகு டாக்டர். டீன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, "அந்த விளக்கை அணைங்கப்பா" என்றார்.

இரண்டாவது ஜெல்லைக் கலந்தபோது ஜியாப் சிவப்புக் கோட்டுக்குப் பின்னாலிருந்து சத்தமாக நிமிஷம் எண்ணினாள். மூன்றாவது நிமிஷத்தில் டாக்டர் பிடியில் விரலை வைத்தார். கெட்டித் தயிர் சரிவது போல ஜெல் பள்ளத்துக்குள் இறங்கிற்று. யாரும் படம் எடுக்கவில்லை.

மூன்று மாசம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் பள்ளம் இருந்த இடத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இனி இடிக்கலாம் என்று வொராசாட் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஒரு வாரமாகியும் புவாலை அக்கா உலக்கையைத் தொடவில்லை என்று அவள் நாத்தனாரே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள். "என்னால இனிமே ஏச்சு வாங்க முடியாது, அந்த டாக்டரம்மாவை அனுப்புங்க" என்று அழுதாள்.

ஜியாப் போனபோது அக்கா உரலுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்திருந்தாள்.

"டாக்டர் எழுதிக் குடுத்துட்டாராமே அக்கா."

"எழுதினவர் கையா உடையப் போகுது? எனக்குப் பயமா இருக்கு பொண்ணே. இது உள்ள மறுபடி நொறுங்கிச்சுன்னா நான் அவ்வளவுதான். அன்னிக்கு அத்தனை பெரிய மனுஷங்க அமுக்கப் பார்த்தப்ப நீதான் வேண்டாம்னே. இன்னிக்கும் நீயே சொல்லு. இடிக்கவா, வேண்டாமா?"

ஜியாப்புக்கும் பயம்தான், அக்காவைவிட ஒரு படி அதிகமாகவே. எக்ஸ்ரேயை எத்தனை தரம் பார்த்தாலும் அது படம். இது கை. தவறிப்போனால் எட்டு வருஷமும் போகும், அது போனால் போகட்டும். இந்த மனுஷியின் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் குனிந்து அந்த மணிக்கட்டைப் பிடித்து, மடக்கி, நீட்டி, தழும்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"இடிங்க அக்கா."

பேருந்துக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே வந்தது.

"எத்தனை மிளகாய்?"

"ரெண்டு."

"ரெண்டு மிளகாய் கேக்கிறவளை நம்பியா நான் கையைக் குடுத்தேன்" என்று முனகியபடி அக்கா ஒரு கைப்பிடி மிளகாயை உரலில் போட்டாள். பூண்டு போட்டாள். உலக்கையை எடுத்தாள். முதல் அடி மிளகாயின் மேல் பட்டும் படாமலும் போனது. இரண்டாவது கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. அதன் பிறகு சீரான சத்தம் கிளம்ப, எதிர்க்கடை வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் கழுத்தைத் திருப்பினார்கள்.

"வலிக்குதா அக்கா?"

"பேசாம இரு, தாளம் தப்புது."

ஜியாப் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக வாயை மூடிக்கொண்டதே இல்லை.