மூன்றாம் மாடி சுவிட்ச்

மூன்றாம் மாடியில் மறுபடியும் எல்லாக் கணினிகளும் நின்றுபோயிருந்தன. வேலை ஓடாத குமாஸ்தாக்கள் எழுந்து நின்று ஆளுக்கொரு குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கேபிள் அலமாரியைத் திறந்து, மடிக்கணினியை இணைத்து, மாடியின் கணினிகளை எல்லாம் இணைக்க நேற்று மாட்டிய சுவிட்ச் பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். நினைத்ததுதான். ரூட்டர் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் முதல் முன்னுரிமையோடு.

அறிவிப்பு என்றால் பெரிய வித்தை இல்லை. வெளியே போகும் வழி என்னிடம் இருக்கிறது என்று ஒரு பெட்டி அவ்வப்போது சொல்லும். மாடியிலுள்ள கணினிகள் மறுபேச்சில்லாமல் நம்பும். இந்தப் பெட்டிக்கு வெளியே போக வழியே கிடையாது. ஆனால் வழி இருக்கிற பெட்டியைவிட அதிகாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பிக் கணினிகள் அனுப்பியதெல்லாம் அங்கேயே நின்றுபோனது.

மாட்டியவர் என் கணவர். ஆபீசில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். புது சுவிட்ச் மாட்டினால் முதலில் அறிவிப்பை நிறுத்து என்று எங்கள் எல்லோருக்கும் காது புளிக்கச் சொன்னவர். கல்யாணத்துக்கு முன் என்னிடம் அவர் அதிகம் பேசியதே இதைத்தான். இப்போது இது மூன்றாவது தடவை. முதல் தடவை நான் மூடி மறைத்தேன். இரண்டாவது மேலாளருக்குத் தெரிந்துபோனது. இன்னொரு தடவை நடந்தால் அனுப்பிவிடுவேன் என்றார். மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னதை மேலாளரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார். சொல்லாததால் கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். இந்த மறதி கூடும், குறையாது.

கணவர் பின்னால் வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"யாரு இந்த வேலையைப் பண்ணது?" என்று சிரித்தார். "வழியே இல்லாத பெட்டியைப் போய் முன்னாடி நிறுத்தி வச்சிருக்கான். அந்த ஆளுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

நடிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை, அதே பழைய கிண்டல். எனக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நான்தாங்க."

"நீயா? உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." தோளில் தட்டினார். "சரி விடு. பிளக்கைப் பிடுங்கிடாத. பெட்டி செத்தாலும் அது சொன்னதை கம்ப்யூட்டரெல்லாம் அரை மணி நேரமாவது நம்பிட்டு இருக்கும். அறிவிப்போட ஆயுளைப் பூஜ்யமாக்கு. நான் வழி இல்லைன்னு அதுவே சொல்லணும்."

அதெல்லாம் ஒரு சொல் பிசகவில்லை. பூஜ்யத்தைத் தட்டினேன். கணினிகள் மீண்டன, குமாஸ்தாக்கள் உட்கார்ந்தார்கள். அவர் தன் பையை எடுக்கப் போனதும் மேலாளர் அருகில் வந்தார்.

"நீங்க சொன்னதைக் கேட்டேன்மா. உள்ள போய் மாத்தினது யாருன்னு சுவிட்ச்லயே பதிஞ்சிருக்கு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாளையிலேருந்து அவர் வர வேண்டாம்."

"வீட்ல நானே சொல்லிக்கிறேன் சார்."

எப்படிச் சொல்வேன்? சொன்னாலும் காலையில் மறந்துவிட்டுக் கிளம்பி நிற்பார். தினமும் சொல்ல வேண்டியிருக்கும்.

சாயங்காலம் கீழே இறங்கினோம். "வண்டி இந்தப் பக்கம், வா" என்று அவர் முன்னால் நடந்தார். காலையில் நிறுத்தியது எதிர்ப்பக்கம். அவர் நடையில் துளி சந்தேகமில்லை. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே போனார். நான் அவர் பின்னாலேயே போனேன்.