மூன்று மணிக்குப் பார்த்த வீடு

லிஃப்ட் பழுதாகி எட்டு மாதம் ஆகிவிட்டது. அந்த எட்டு மாதமும் எவெலியோ தரைக்கு இறங்கவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கீழே பழக்கடைக்காரன் மாம்பழப் பெட்டி இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கவாதம் அவருடைய இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது, வாயை விட்டுவைத்திருந்தது. "என்னைப் பொணமா எறக்குறதுக்கு முன்னாடி ஒரு வீடு பாரு பொண்ணே" என்று காபி கேட்கிற குரலிலேயே மகளிடம் சொல்வார்.

மகள் யாமிலேத்துக்கு அது கேலியாகப் படவில்லை. நவம்பர் கடைசியில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் படியில்லாத ஒரு வீடு வேண்டும். மயாமியிலேயே பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கிற வேலை இதுவரை அவளுக்கு வாய்த்ததில்லை. அம்மாவும் அப்பாவும் ஹவானாவிலிருந்து வந்து இறங்கிய தெருவிலேயே இருந்துவிட்டார்கள். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர்களை அடித்தாள். சில இடங்கள் வாடகையால் போயின, சில இடங்கள் தொலைவால் போயின. கடைசியில் மூன்று மிஞ்சின.

மூன்றையும் ஒவ்வொரு சனிக்கிழமையாக மாலை மூன்று மணிக்குத்தான் போய்ப் பார்த்தாள். மருத்துவமனை இரண்டுக்கு மூடும். தவிர, ஒரே நேரத்தில் பார்த்தால்தான் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்க முடியும் என்று அவள் நினைத்தாள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எந்த வீட்டில் நாய் என்று எல்லாவற்றையும் எழுதினாள். எழுதிய பிறகும் எதையோ விட்டுவிட்டோம் என்ற எண்ணம் போகாமல், திரும்பப் போய் இன்னொரு முறை பார்ப்பாள்.

மேற்கே கல்குவாரிப் பக்கம் இருந்த வீடு புதுசு, விசாலமானது. ஆனால் கூடத்துச் சுவரில் மூலைக்கு மூலை விரிசல் ஓடியது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டதற்கு, வார நாளில் மத்தியானம் வெடி வைப்பார்கள், அலமாரியில் தட்டுகள் ஆடும், ஒரு மாதத்தில் பழகிவிடும் என்றாள். கதவு அறைந்தாலே அப்பாவுக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் பெயரை அடித்துவிட்டாள்.

இரண்டாவது, ஹைட்டிக்காரர்கள் இருக்கும் மேட்டுப் பகுதி. அங்கே அவளுக்குக் கட்டுப்படியாகிற வீடு ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஆள் இருந்தார்கள். காலியானால் சொல்கிறேன் என்றார் வீட்டுக்காரர்.

மூன்றாவது பூந்தோ மான்சோ. விரிகுடாவை ஒட்டிய கியூபர்களின் பழைய குடியிருப்பு. வீட்டைக் காட்டிய தரகர் மிர்த்தா கதவைத் திறந்ததும் யாமிலேத் முதலில் பார்த்தது சாய்தளத்தைத்தான். வாசலிலிருந்து நடைபாதை வரை அழகாகச் சிமென்ட் பூசி, கைப்பிடியும் வைத்திருந்தார்கள். முன்பு இருந்த பெரியவர் போட்டது என்றாள் மிர்த்தா, இப்போது மகனோடு போய்விட்டாராம். குளியலறைக் கதவு நாற்காலி நுழையும் அகலம். முற்றத்தில் வெண்ணெய்ப்பழ மரம். வாடகை, அந்த அளவு வீட்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்தான். ஏன் குறைச்சல் என்று கேட்டதற்கு, வேண்டுமானால் கூட்டிச் சொல்லட்டுமா என்று சிரித்தாள் மிர்த்தா.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதே மூன்று மணி. அன்று தெருவில் ஒரு கார்கூட இல்லை. வரும் வழியில் மேட்டிலிருந்த மாதா கோவில் வளாகத்தில் கார்கள் இடமில்லாமல் நின்றதைப் பார்த்திருந்தாள். எதிர்வீட்டில் ஓனேலியா என்ற அம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கார்களெல்லாம் எங்கே என்று கேட்டாள்.

"பூசைக்குப் போயிருக்கு மகளே" என்றார் ஓனேலியா. உள்ளேயிருந்து யாரோ ஒரு ஆண் சிரித்தார்.

பக்தியான தெரு, சத்தமில்லை, காருக்கு இடம் நிறைய என்று யாமிலேத் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் மிர்த்தா, வேறு இரண்டு பேர் கேட்கிறார்களாம். யாமிலேத்துக்குத் தூக்கம் போயிற்று. இருக்கப்போகிறவர் பார்க்காத வீட்டுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது? வியாழக்கிழமை லீவு எடுத்தாள். இரண்டாம் மாடி அண்ணன் தம்பி இருவர், வேலைக்குப் போகுமுன், எவெலியோவை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கிவிட்டார்கள். காரில் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கச் சொல்லி, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார் அவர்.

பூந்தோ மான்சோவில் காலை ஒன்பதரை. மிர்த்தா சாவியோடு வந்திருந்தாள். வானத்தில் பஞ்சளவு மேகமில்லை. அன்றும் தெரு காலி. சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, கீழே நடைபாதையில் வெயில் படும்படி நாற்காலியை நிறுத்தச் சொன்னார் எவெலியோ. செருப்பைக் கழற்றச் சொன்னார். யாமிலேத் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது தெருவோரச் சாக்கடைக் கம்பிக்குள் கொப்புளம் விடும் சத்தம் கேட்டது.

தண்ணீர் கீழிருந்து வந்தது. மழைத் தண்ணீர் போலப் பாய்ந்து வரவில்லை. கம்பிகளுக்கிடையே தலை தூக்கி, ஓரமாகப் படர்ந்து, நடுத்தெருவில் மறுபக்கத்துத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. தெளிந்த தண்ணீர். விரல் நீள மீன் ஒன்று நடைபாதை ஓரமாக வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. பத்து நிமிடத்தில் நாற்காலியின் சக்கரம் பாதி நனைந்தது.

"கடல் தண்ணிதான்" என்றாள் மிர்த்தா, ஏதோ நல்ல கம்பெனிப் பெயரைச் சொல்வதுபோல. "வந்த வழியே போயிடும். மூணு மணிக்கு வந்து பாரு, ஈரம்கூட இருக்காது."

மூன்று மணி. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் காலையிலும் ராத்திரியிலும் ஏறுகிற தண்ணீர், மூன்று மணிக்கு அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். எந்த ஊர்க்காரிக்கும் தெரிகிற விஷயம். அவள் நேரம் தவறாமல், ஒவ்வொரு தடவையும், தண்ணீர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பார்த்து வந்திருக்கிறாள்.

ஓனேலியா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் காபியும் சின்னக் குவளைகளுமாகத் தெருவைக் கடந்து வந்தார். எவெலியோவுக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தார். பிறகு மிர்த்தா போன் பேச நகர்ந்ததும், உப்புத் தண்ணீர் காரின் அடியைத் தின்றுவிடும், அதனால்தான் இந்த நாட்களில் எல்லோரும் மாதா கோவில் மேட்டில் விட்டுவிடுவோம் என்று சொன்னார். வருஷத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து நாள். முன்பு நான்கைந்து நாள்தான்.

"அன்னைக்கு ஏன் சொல்லல நீங்க?" என்றாள் யாமிலேத்.

"நாளைக்கு நானும் என் வீட்டை விக்கணும்ல? இந்தத் தெருவுல யாரும் சொல்ல மாட்டாங்க. இந்த நாற்காலியைப் பாக்கலன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன்." ஓனேலியா நாற்காலியைப் பார்த்தார். "இந்தச் சாய்வைப் போட்டவரு பேரு லாசரோ. போன அக்டோபர்ல நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் முக்குலயே நின்னுடுச்சு, தண்ணிக்குள்ள வரமாட்டேன்னு. ஒரு கதவைக் கழட்டி அதுமேல படுக்கவச்சு நாங்க நாலு பேரு தூக்கிட்டுப் போனோம்."

"பொழச்சாரா?"

ஓனேலியா குவளைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எவெலியோ இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வலது காலைத் தண்ணீருக்குள் விட்டு, "இங்கயே இருந்துடலாம் யாமி. எட்டு மாசத்துக்கப்புறம் காலு நனையுது" என்றார்.

"வேணாம்ப்பா."

"சாகப்போறவன் நான். பயப்படுறவ நீ."

அவள் மிர்த்தாவிடம் வேண்டாம் என்று சொன்னாள். நாற்காலியை எதிர்த்தண்ணீரில் தள்ளிக்கொண்டு காருக்கு வந்தாள். அண்ணன் தம்பி இருவரும் மாலையில் அவரை மறுபடி மூன்று மாடி ஏற்றினார்கள். "அடுத்த தடவை எறக்குறதோட சரி. மறுபடி ஏத்தச் சொன்னா எங்களுக்கும் ரெண்டு சக்கர நாற்காலி வாங்கி வச்சுடுங்க" என்றார் மூத்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. எவெலியோ அன்றைக்கு ஜன்னல் பக்கம் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தார். கொடுத்ததைச் சாப்பிட்டார், ஆனால் கேலி பேசவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பத்து நாள் கழித்து மேட்டுப் பகுதி வீட்டுக்காரர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலியாகிறது, அவர்கள் மூட்டை கட்டும்போதே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஏன் போகிறார்கள் என்று கேட்டாள். புது வாடகை அவர்களுக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கு ஒத்துவரும் என்றார்.

இந்த முறை அவள் நேரத்தை மாற்றிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. எங்கேயும் ஈரமில்லை. தெருவின் ஒரு பக்கம் முழுக்க வேலிகளில் ஒரே கம்பெனியின் பலகை தொங்கியது, கடல் ஏறாத மேடு என்று ரொக்கம் கொடுத்து வீடு வாங்குகிறார்களாம். ஒரு இளைஞன் மூன்றுகால் கருவியை வைத்துத் தரையின் உயரத்தை அளந்துகொண்டிருந்தான். பலகையில்லாத வேலிகளுக்குப் பின்னால் கோழிகள் மேய்ந்தன.

வீட்டுக்கு ஒரே ஒரு படி. பலகை போட்டால் போதும். உள்ளே கெர்லின் என்ற பெண் அட்டைப்பெட்டிக்குள் பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். யாமிலேத்தைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருக்கலாம். ஏழு மாத வயிறு. எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே அறைகளைக் கையால் காட்டினாள். பின்கதவு மழைக்கு உப்பும், கீழே லேசாக உதைத்தால் திறக்கும் என்றுகூடச் சொன்னாள்.

"எங்க போறீங்க?" என்று கேட்டாள் யாமிலேத். கேட்டிருக்க வேண்டாம்.

"கீழ, பூந்தோ மான்சோ. சாய்தளம் வச்ச வீடு. ஒரு அம்மா காட்டினாங்க, மிர்த்தான்னு. நாளைக்குக் கையெழுத்து."

யாமிலேத் பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். இவள் நாளைக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் வெள்ளிக்கிழமை இந்த வீடு காலியாகாது. நவம்பர் முடிய ஒன்பது நாள்.

"அங்க தண்ணி வரும்" என்றாள். சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. "கடல் ஏறும்போது, சாக்கடை வழியா. மழையே இல்லாம வரும்."

கெர்லினின் கை பெட்டிமேல் நின்றது. "வீட்டுக்குள்ளயா?"

"தெருவுல. முழங்காலுக்குக் கீழ."

"எத்தனை நாளைக்கு?"

"வருஷத்துக்குப் பன்னெண்டு, பதினஞ்சு நாள்."

கெர்லின் யோசித்தாள். வெளியே அளக்கிறவன் யாருக்கோ ஒரு எண்ணைக் கத்திச் சொன்னான். "பதினஞ்சு நாள்தானே" என்றாள் கெர்லின். "இங்க வாடகைக்கு மாசாமாசம் பயந்துட்டு இருந்தோம்." பானைகளுக்கு மேல் ஒரு துண்டை மடித்து வைத்தாள். "சொன்னதுக்கு நன்றி. யாரும் சொல்லல."

ஆம்புலன்ஸ் என்ற சொல் யாமிலேத்தின் நாக்கு வரை வந்தது. அதற்குள் கெர்லின் பெட்டியின் இரண்டு மூடியையும் சேர்த்துப் பிடித்து, ஒட்டு நாடாவை அவளிடம் நீட்டினாள், குனிய முடியவில்லை என்று. யாமிலேத் மண்டியிட்டு நாடாவை இழுத்து, ஒட்டி, கத்தரித்தாள். அடுத்த பெட்டிக்கும் ஒட்டினாள்.

காரில் எவெலியோ ஜன்னலை இறக்கிவிட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி, இனி ஒரே ஒரு தடவைதான் ஏற்றுவோம் என்று சொல்லித்தான் இன்று காலை இறக்கியிருந்தார்கள்.

"என்ன சொன்னா?" என்றார்.

"வெள்ளிக்கிழமை போயிடறாங்களாம்."

"நல்ல மனுஷங்க" என்றார் அவர், பல நாளைக்குப் பிறகு சிரித்து. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வண்டியைக் கிளப்பாமல், அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.